ஏழாம் நாள், தையல் ஓரத்தில் ஈரம்: ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் தொற்று வருமா?

குட்டித்தென்றல் | திங்கள், இரவு 9.12

சிசேரியன் முடிந்து இன்று எனக்கு ஏழாம் நாள். முதல் குழந்தை. பனிக்குடம் உடைந்து பதினாறு மணி நேரம் வலி எடுத்தும் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை என்று கடைசியில் அறுவை செய்தார்கள். நான்காம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போகும்போது செஃபிக்சிம் மாத்திரை ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். ஒருவேளைகூடத் தவறவிடவில்லை.

இன்று காலை எழுந்தபோது உடுத்தியிருந்த துணி தையலின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் நாணய அளவுக்கு ஒரு கறை. நடுவில் மஞ்சள், விளிம்பில் பழுப்பு, காய்ந்த இடம் கஞ்சி போட்டதுபோல விறைப்பு. மதியத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். காய்ச்சல் இல்லை, 37.4 தான் காட்டுகிறது. வலி இருக்கிறது, ஆனால் வலி இல்லாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் கேள்வி இதுதான். ஆன்டிபயாடிக் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே எப்படித் தொற்று வரும்? நாத்தனாரிடம் அவருக்குக் கொடுத்த வேறு ஆன்டிபயாடிக் பாதி அட்டை மீதம் இருக்கிறது. இன்றிரவு அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாமா?

இருமுறை_அம்மா | திங்கள், இரவு 9.30

பயப்படாதீர்கள் தோழி. எனக்கும் முதல் சிசேரியனில் இப்படித்தான் வடிந்தது. வெறும் நீர், இரண்டு நாளில் நின்றுவிட்டது. தையலைக் காற்றோட்டமாக வைத்திருங்கள், சரியாகிவிடும்.

வார்டு_செவிலி | திங்கள், இரவு 9.41

இருமுறை அம்மா, உங்களுக்கு வடிந்தது நீர் என்று யாரோ பார்த்துச் சொன்னதால்தான் உங்களுக்குத் தெரியும். தோலுக்கடியில் தேங்கும் தெளிவான, வைக்கோல் நிற நீர் ஒன்று உண்டு. அது தானாக வற்றிவிடும். சீழும் தொடக்கத்தில் அப்படித்தான் கசியும். கறையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது, இருபது ஆண்டு வார்டில் இருந்தும்.

குட்டித்தென்றல், எனக்குச் சில விவரம் வேண்டும். வலிக்கோ காய்ச்சலுக்கோ வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று? கடைசியாக எப்போது? வெப்பமானி வைத்தது அதற்கு முன்பா பின்பா? கறைக்கு வாடை இருக்கிறதா? தையலைச் சுற்றி சிவப்பு இருந்தால் அதன் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவையுங்கள். கீழே போகும் உதிரத்தில் துர்நாற்றம் உண்டா? நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணிச் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு | திங்கள், இரவு 9.48

நாத்தனாரின் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதி அட்டை ஆன்டிபயாடிக் எந்த நோய்க்கும் முழு மருந்தில்லை. நாளை சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், இன்றிரவு போட்ட மாத்திரை அந்தக் கல்ச்சரையும் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) குழப்பிவிடும். கிருமி இருக்கும், தட்டில் வளராது.

செவிலி அம்மா கேட்டதை நானும் கேட்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் பாராசிட்டமால் இருக்கிறதா?

குட்டித்தென்றல் | திங்கள், இரவு 10.20

ஆமாம், பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே டைக்ளோஃபெனாக் இரண்டு வேளை. 37.4 என்று பார்த்தது பாராசிட்டமால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. இப்போது அடுத்த வேளை வந்துவிட்டது, சாப்பிடாமல் அளந்தேன்: 38.3. நாடி 104. சிவப்பு இடது பக்கம் இரண்டு விரல் அகலம், கோடு போட்டுவிட்டேன். வாடை லேசாக இருக்கிறது, கீழேயும்.

கை நடுங்குகிறது.

வார்டு_செவிலி | திங்கள், இரவு 10.24

இந்த எண்கள் போதும், காலை வரை காத்திருக்க வேண்டாம். பிரசவம் பார்த்த மருத்துவமனையை இப்போதே தொலைபேசியில் அழைத்து இதே எண்களைச் சொல்லுங்கள், கிளம்புங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ, உடல் சில்லிட்டுப் போனாலோ அழைத்துவிட்டுக் காத்திருப்பதும் கூடாது, நேரே அவசரப் பிரிவு. காய்ச்சல் இல்லாமல் 36-க்குக் கீழே இறங்குவதும் ஆபத்துதான். பலர் அதைக் கவனிப்பதில்லை.

குழந்தையையும் கூட்டிப் போங்கள், பால் கொடுக்க வேண்டும்.

தாத்தாவின்_கண்ணாடி | திங்கள், இரவு 11.05

அந்தப் பெண் நலமாகத் திரும்பட்டும். இடையில் ஒரு மனக்குறையைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். போன மாதம் என் மகளுக்குச் சிசேரியன். ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரே ஓர் ஊசி, அதுவும் முடிந்துவிட்டது என்றார்கள்! என் மனைவிக்கு இதே அறுவை நடந்தபோது ஏழு நாள் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள், ஒரு குறையும் வரவில்லை. வயிற்றைக் கிழித்துவிட்டு ஓர் ஊசியோடு அனுப்புவது எந்த ஊர் வைத்தியம்? இந்தப் பெண்ணுக்குக் கூடுதல் நாள் கொடுத்தும் தொற்று வந்திருக்கிறது என்றால், கொடுக்காதவர்களுக்கு என்ன கதி?

கத்தரிக்கோல் | செவ்வாய், காலை 6.15

நான் மகப்பேறு மருத்துவர். இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். குட்டித்தென்றலை அனுப்பிவைத்த செவிலி அம்மாவுக்கு வணக்கம்.

தாத்தா ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. மருத்துவர்களிலேயே பாதிப் பேர் மனதில் அதே கேள்வி இருப்பதால்தான் இன்னும் பல இடங்களில் ஐந்து நாள் மாத்திரை எழுதப்படுகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சிசேரியனில் கிருமி எப்போது உள்ளே போகிறது? கத்தி தோலைத் தொட்டதிலிருந்து கடைசித் தையல் வரையிலான அந்த முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில். தோலில் இருப்பதும், பனிக்குடம் உடைந்தபின் பிறப்புறுப்பிலிருந்து மேலேறி வந்ததும் அப்போதுதான் வெட்டுப்பட்ட திசுவில் இறங்குகின்றன. அந்த நேரத்தில் திசுவுக்குள் மருந்து நிறைந்திருக்க வேண்டும். ஆகவே செஃபசோலின் 2 கிராம், வெட்டுக்கு முன் 60 நிமிடத்துக்குள். எடை 120 கிலோவோ அதற்கு மேலோ என்றால் 3 கிராம். இரத்தப்போக்கு 1,500 மில்லியைத் தாண்டினால், அல்லது அறுவை நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால், இன்னொரு ஊசி. அவ்வளவுதான்.

இந்த 'வெட்டுக்கு முன்' என்பது சிசேரியனில் தாமதமாக வந்தது. மற்ற எல்லா அறுவையிலும் ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டிருந்த காலத்தில்கூட, குழந்தைக்கு மருந்து போய்விடக் கூடாது என்று தொப்புள்கொடியை இடுக்கிய பிறகே நாங்கள் போட்டோம். நானே பயிற்சிக் காலத்தில் ஊசியைக் கையில் ஏந்திக்கொண்டு குழந்தையின் அழுகைக்காகக் காத்து நின்றிருக்கிறேன். பிறகு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வெட்டுக்கு முன் போட்டவர்களுக்குத் தொற்று 40 சதவீத அளவுக்குக் குறைவு, குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் தென்படவில்லை. 2010, 2011-இல் அமெரிக்க, பிரிட்டன் வழிகாட்டுதல்கள் மாறின. ஊசி அதே ஊசி, அளவும் அதே. கடிகாரத்தில் சில நிமிடம் முன்னால் நகர்ந்தது, அவ்வளவு வித்தியாசம்.

அறுவை முடிந்தபின் நாள்கணக்கில் தொடர்வதை உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைக்காயத் தொற்று வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. கதவைத் திருடன் வருவதற்கு முன் பூட்ட வேண்டும். உள்ளே வந்துவிட்டவனை வெளிக்கதவுப் பூட்டு என்ன செய்யும்?

இதற்கு விலக்கு இல்லையா என்றால், விவாதம் உண்டு. உடல் பருமன் உள்ள 403 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஊசிக்குப் பின் செஃபலெக்சினும் மெட்ரோனிடசோலும் 48 மணி நேரம் கொடுத்தார்கள், தொற்று 15.4 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. பனிக்குடம் உடைந்திருந்தவர்களுக்கே அதில் பலன் அதிகம். அதைப் பின்பற்றுபவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சியில் இல்லை. வெட்டுக்கு முன் அசித்ரோமைசினைச் சேர்ப்பதுதான் என் வழக்கம்.

மருந்துச்சீட்டு | செவ்வாய், காலை 7.02

டாக்டர் போகிற போக்கில் சொன்ன அசித்ரோமைசினைப் பற்றிக் கொஞ்சம். செஃபசோலின் கிருமியின் செல்சுவரைத் தாக்குகிறது. யூரியாபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. பனிக்குடம் உடைந்து வெகுநேரமானால் மேலேறி வரும் கூட்டத்தில் அதுவும் ஒன்று. சுவரே இல்லாத வீட்டின் சுவரை எப்படி இடிப்பது? அசித்ரோமைசின் உள்ளே புகுந்து புரத உற்பத்தியை நிறுத்துகிறது. அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளில் 2,013 பெண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், வலி எடுத்த பிறகோ பனிக்குடம் உடைந்த பிறகோ சிசேரியன் ஆனவர்களுக்கு 500 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது தொற்று 12 சதவீதத்திலிருந்து 6.1 ஆனது. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் அந்த ஆய்வில் இல்லை.

தாத்தாவின்_கண்ணாடி | செவ்வாய், காலை 8.40

டாக்டர் அம்மாவா ஐயாவா தெரியவில்லை, பொறுமையாகச் சொன்னதற்கு நன்றி. பூட்டுக் கதை புரிகிறது. இருந்தாலும் ஏழு நாள் கொடுத்தால் நட்டம் என்ன? இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒரு காப்புதானே என்று மனது சொல்கிறது.

நுண்ணோக்கி | செவ்வாய், காலை 9.15

அந்தக் 'காப்பு'க்கு என் ஆய்வகத்தில் தினமும் நான் விலை பார்க்கிறேன். குடலிலும் தோலிலும் நல்லதும் கெட்டதுமாகக் கோடிக்கணக்கில் கிருமிகள் ஒன்றையொன்று அடக்கி வாழ்கின்றன. ஏழு நாள் ஒரே மருந்தை ஊற்றினால் அதற்கு மடிவதெல்லாம் மடியும். மடியாதது, போட்டியில்லாமல் பெருகும். பிறகு புண்ணில் வந்து உட்காருவது எது என்று நினைக்கிறீர்கள்?

இருமுறை_அம்மா | செவ்வாய், காலை 9.50

செவிலி அக்கா, நேற்றுச் சொன்னதற்கு வருந்துகிறேன். தெரியாமல் தைரியம் சொல்லிவிட்டேன்.

குட்டித்தென்றல் | செவ்வாய், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. மருத்துவமனையில் இருக்கிறேன், அனுமதித்துவிட்டார்கள்.

நேற்று நள்ளிரவு வந்தோம். இரத்தம் எடுத்தார்கள். காலையில் மருத்துவர் இடது ஓரத்தில் மரக்கச் செய்துவிட்டு மூன்று தையலைப் பிரித்தார். பிரித்த உடனே ஒன்றும் வரவில்லை. விரலால் மேலிருந்து மெல்ல அழுத்தினார். சூடாக வழிந்தது எனக்கே தெரிந்தது. பிறகு ஒரு மெல்லிய கம்பியால் ஆழம் பார்த்து, கீழே தசையைப் போர்த்திய உறை விடவில்லை, தொற்று மேல் அடுக்கோடு நிற்கிறது என்றார். நான்கு சென்டிமீட்டர் நீளம் திறந்திருக்கிறது. உப்புநீரால் கழுவி ஈரத்துணி திணித்திருக்கிறார்கள். ஆறு நாளாக எந்தத் தையல் பிரிந்துவிடக் கூடாது என்று இருமுவதற்குக்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டேனோ அதை அவர்களே பிரித்தது அழுகையாக வந்தது. மருந்து கொடுத்துச் சரிசெய்திருக்கக் கூடாதா?

அத்தோடு விடவில்லை. அடிவயிற்றை அழுத்தியபோது கர்ப்பப்பை இருக்கும் இடத்தில் துடித்துவிட்டேன். உள்ளேயும் தொற்று இருக்கிறது என்று கிளிண்டாமைசின், ஜென்டாமைசின் என்று இரண்டு ஊசி காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்திருக்கிறார்கள். பால் கொடுக்கலாம் என்றார்கள். என் பெரியம்மாவோ கூடவே கூடாது என்கிறார். யாரை நம்புவது?

கத்தரிக்கோல் | செவ்வாய், இரவு 9.10

உங்கள் மருத்துவரை நம்புங்கள். நல்ல கையில் இருக்கிறீர்கள்.

தையல் பிரித்ததற்கு அழாதீர்கள். உங்கள் வயிற்றுக் காயத்துக்கு நடந்த வைத்தியத்தில் முதன்மையானது அதுதான். சீழ் கட்டிய இடத்துக்குள் இரத்த ஓட்டம் போகாது. மருந்து இரத்தத்தோடுதான் பயணம் செய்கிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. சீழை வெளியேற்றாமல் எத்தனை உயர்ந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அது குளத்தின் கரையைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும், உள்ளே இறங்காது. சுற்றிலும் சிவப்புப் பரவாமல், காய்ச்சலும் இல்லாமல், சீழ் மட்டும் இருந்தால் திறந்து கழுவுவதோடு முடிந்துபோவதும் உண்டு, ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது.

உள்ளே உள்ளது வேறு. கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் தொற்றுக்குச் சிசேரியனே மிகப் பெரிய காரணம். நீண்ட வலிக்குப் பிறகு, பனிக்குடம் உடைந்த பிறகு செய்யும் சிசேரியனில் இன்னும் அதிகம். அங்கே ஒரே ஒரு கிருமி இருப்பதில்லை, கூட்டமாக இருக்கும்: காற்றில் வாழ்பவை, காற்றில்லாமல் வாழ்பவை. கிளிண்டாமைசின் காற்றில்லாமல் வாழ்பவற்றையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளையும் பார்த்துக்கொள்ளும், ஈ.கோலை போன்றவற்றை ஜென்டாமைசின் பார்த்துக்கொள்ளும். கிளிண்டாமைசின் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 900 மில்லிகிராம் என்பது வழக்கம். ஜென்டாமைசின் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. அது உச்ச அளவில் அடித்துவிட்டு ஒதுங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், சிறுநீரகத்துக்கும் இளைப்பாறல் கிடைக்கும்.

எத்தனை நாள்? காய்ச்சலும் வலியும் விட்டு 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் ஊசியை நிறுத்தலாம். சிக்கலில்லாத கர்ப்பப்பைத் தொற்றுக்கு அதன்பின் வாய்வழி மாத்திரை தேவையில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. தாத்தா ஐயா இதைப் படித்துவிட்டுக் கோபிக்கக் கூடாது!

மருந்துச்சீட்டு | செவ்வாய், இரவு 9.25

பால் பற்றி: தாராளமாகக் கொடுங்கள். ஜென்டாமைசின் பாலில் சிறிதளவே வருகிறது, வந்ததும் குழந்தையின் குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லை. அதனால்தானே உங்களுக்கும் அதை மாத்திரையாகக் கொடுக்காமல் ஊசியாகப் போடுகிறார்கள். கிளிண்டாமைசின் போகும்போது குழந்தையின் மலம் தண்ணீராகிறதா, சளியோ இரத்தமோ இருக்கிறதா, வாய்க்குள் வெள்ளைப் படலம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கே வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலும் சொல்லுங்கள், ஊசி நின்று சில வாரம் கழித்து வந்தாலும் சரி. காதில் ரீங்காரம், தலைசுற்றல், சிறுநீர் குறைவு இவையும் ஜென்டாமைசினுக்காகக் கவனிக்க வேண்டியவை.

ஜன்னலோரம் | புதன், காலை 10.10

எனக்கு இதே நிலையில் பாலை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாள் நிறுத்தினேன், பிறகு சுரக்கவே இல்லை. இப்போது இதைப் படிக்கும்போது என்னவோ போலிருக்கிறது.

வார்டு_செவிலி | புதன், காலை 11.32

ஜன்னலோரம், உங்கள் தவறு எதுவுமில்லை. அப்போது கொடுத்த மருந்து எதுவென்று தெரியாமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. அடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: 'பாலை நிறுத்து' என்று சொன்னால், எந்த மருந்துக்காக, எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள், உண்மையாகவே நிறுத்த வேண்டியிருந்தால் அந்த வேளைகளில் கறந்து கொட்டிவிடுங்கள், சுரப்பு வற்றாது.

குட்டித்தென்றல் | வியாழன், இரவு 11.20

ஊசி ஆரம்பித்து அறுபது மணி நேரம் ஆகிவிட்டது. இப்போதும் 38.6. காலையில் 37.8 வரை இறங்கியது, மறுபடியும் ஏறிவிட்டது. காயம் பார்க்கச் சுத்தமாக இருக்கிறதாம், பேனாக் கோட்டுக்குள்ளேயே சிவப்பு சுருங்கிவிட்டது. பிறகு ஏன்? கல்ச்சர் நாளைக்குத்தான் வரும் என்கிறார்கள். தூக்கம் வரவில்லை.

கத்தரிக்கோல் | வியாழன், இரவு 11.48

இந்த ஊசிகளுக்குப் பத்தில் ஒன்பது பேர் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வழிக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். தாண்டினால் மருத்துவர் மனதில் ஓடக்கூடியவற்றைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல, நாளைக்குக் கேள்வி கேட்க வசதியாக.

முதல் சந்தேகம், இந்த இரண்டு மருந்தும் தொடாத கிருமி. என்டரோகாக்கஸ் அதில் முதலில் நிற்கும். அதற்கு ஆம்பிசிலின் சேர்ப்பார்கள். அடுத்து, எங்கேனும் சீழ் அடைபட்டிருக்கிறதா என்று ஸ்கேன். மார்பில் பால் கட்டியிருக்கிறதா, சிறுநீரில் தொற்றா, நெஞ்சில் சளியா என்று மறுபடியும் தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். இவை எதுவும் இல்லாமல், இடையில் ஆள் தெம்பாகவே இருந்துகொண்டு, காய்ச்சல் மட்டும் மாலை மாலை குதித்தால் இடுப்புக்குள் இரத்த நாளத்தில் தொற்றோடு இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அரிது. அதற்கு ஆன்டிபயாடிக்கோடு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் போடுவார்கள்.

தூங்குங்கள். குழந்தை விழிக்கும்போது எப்படியும் விழிக்க வேண்டும்.

குட்டித்தென்றல் | வெள்ளி, பிற்பகல் 3.05

கல்ச்சர் வந்துவிட்டது. ஈ.கோலை, என்டரோகாக்கஸ் இரண்டும்! டாக்டர் நீங்கள் நேற்றிரவே சொன்னது. ஆம்பிசிலின் மதியம் ஒரு மணிக்குச் சேர்த்துவிட்டார்கள். ஸ்கேனில் உள்ளே சீழ் எதுவும் இல்லை.

தாளில் மருந்துகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றுக்கு நேரே ஓர் எண். ஆம்பிசிலினுக்கு 2 என்றும் இன்னொன்றுக்கு 1 என்றும் இருக்கிறது. குறைந்த எண்தானே வலுவான மருந்து, அதை ஏன் கொடுக்கவில்லை?

நுண்ணோக்கி | வெள்ளி, மாலை 5.40

இந்தக் கேள்வியை மருத்துவ மாணவர்களும் கேட்பார்கள். அந்த எண், கிருமி வளராமல் நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த அளவு. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றும் உடலில் எட்டும் அளவு வேறு, அதன் எல்லைக்கோடும் வேறு. உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டு எது பெரியது என்று கேட்பதுபோல. பக்கத்தில் 'கட்டுப்படும்' என்று குறித்திருந்தால் போதும். கட்டுப்படுவனவற்றில் மிகக் குறுகிய வீச்சுள்ளதைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல மருத்துவருக்கு அழகு.

உங்கள் மருத்துவர் சீழை ஆழத்திலிருந்து எடுத்திருக்கிறார், அதனால்தான் இந்த அறிக்கைக்கு மதிப்பு. காயத்தின் மேலே பஞ்சால் துடைத்து அனுப்பினால் தோலில் சும்மா குடியிருப்பதெல்லாம் வளர்ந்து, இல்லாத எதிரிக்கு மருந்து கொடுக்கும்படி ஆகும்.

இனி முக்கியமானது. உங்கள் முதல் கேள்வி நினைவிருக்கிறதா? ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதே எப்படித் தொற்று என்று கேட்டீர்கள். என்டரோகாக்கஸுக்கு செஃபலோஸ்போரின் என்ற மருந்துக் குடும்பத்துக்கு இயல்பிலேயே எதிர்ப்பு உண்டு. செஃபிக்சிம் அந்தக் குடும்பம். நீங்கள் ஒருவேளையும் தவறாமல் சாப்பிட்டது அதை ஒன்றும் செய்திருக்காது; அக்கம்பக்கத்தை வேண்டுமானால் காலி செய்து கொடுத்திருக்கும்.

தாத்தாவின்_கண்ணாடி | வெள்ளி, மாலை 6.22

நுண்ணோக்கி, அது எனக்குச் சொன்னது என்று புரிகிறது. கேட்டுக்கொண்டேன்.

வார்டு_செவிலி | வெள்ளி, இரவு 9.00

எல்லோரும் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கையைப் பற்றிப் பேசுகிறேன்.

தொண்டை வலியோடு வந்து தாயின் கட்டிலில் உட்கார்ந்து தையலைப் பார்க்கத் துணியை விலக்குபவர்களைக் கண்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். தொண்டையில் இருக்கும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் ஒரு காலத்தில் பிரசவக் காய்ச்சலாக வார்டுகளையே காலி செய்தது. 1847-இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்தபோது சாவு சரசரவென்று இறங்கியது. அந்தக் கிருமி இன்றும் எங்கேயும் போய்விடவில்லை. குட்டித்தென்றலுக்கு வந்ததுபோல அது ஏழாம் நாள் வரை காத்திருக்காது. முதல் நாள், இரண்டாம் நாளிலேயே காயத்தைவிட வலி பல மடங்கு, அதிக காய்ச்சல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரத்த அழுத்தம் சரியும். அதற்குப் பென்சிலினோடு கிளிண்டாமைசினையும் சேர்ப்பது கிருமி கக்கும் நஞ்சின் உற்பத்தியை நிறுத்துவதற்காக. அங்கே மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்குதான்.

இன்னொன்று, மருந்துப் பொடியையும் களிம்பையும் தையல் மேல் பூசாதீர்கள். ஈரமில்லாமல், சுத்தமாக இருந்தால் போதும். அறுவைக்கு முந்தைய நாள் வீட்டில் சவரக்கத்தியால் மழித்துக்கொண்டும் வராதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொன்றும் ஒரு வாசல். தேவையென்றால் நாங்கள் கத்தரித்துவிடுவோம்.

குட்டித்தென்றல் | ஞாயிறு, காலை 7.50

நேற்று அதிகாலையிலிருந்து காய்ச்சல் இல்லை. பாராசிட்டமால் போடாமலே 36.9. மூன்று முறை அளந்தேன். நம்பிக்கை இல்லாமல் கணவருக்கும் வைத்துப் பார்த்தேன், வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது.

இருமுறை_அம்மா | ஞாயிறு, காலை 8.01

அப்பாடா!

ஜன்னலோரம் | ஞாயிறு, காலை 9.15

மகிழ்ச்சி. திறந்த காயத்தை மறுபடியும் தைப்பார்களா, அப்படியே விட்டுவிடுவார்களா?

கத்தரிக்கோல் | ஞாயிறு, பிற்பகல் 1.30

இரண்டும் உண்டு. சீழ் நின்று, அடியில் சிவந்த புதுச்சதை துளிர்த்த பிறகு மறுபடி தைத்தால் சீக்கிரம் மூடும். சின்னக் காயமென்றால் தினம் துணி மாற்றிக்கொண்டு அடியிலிருந்து மேலேறி வர விடுவோம். மேல்தோல் முதலில் மூடிவிட்டால் உள்ளே மறுபடி குழி விழுந்து தேங்கும். அதைத் தடுக்கத்தான் துணியைத் திணிப்பது. இறுக்கி அடைக்கக் கூடாது, தளர்வாக.

குட்டித்தென்றல் | மூன்று வாரம் கழித்து, புதன், காலை 11.10

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

தைக்கவில்லை. அடியிலிருந்தே மேலேறி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். முதல் நாள் டிரெஸ்ஸிங்குக்கு ஒரு முழ நீளத் துணி உள்ளே போனது. நேற்று விரல்நுனி அளவுகூட இறங்கவில்லை. அவ்வளவுதான் ஆழம். மாற்றும்போது வலி இல்லை, கூச்சம்தான். ஊசியோடு முடித்துக்கொண்டார்கள், வீட்டுக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. என் பெரியம்மா மருத்துவரிடமே சண்டைக்குப் போய்விட்டார். பால் நிற்கவில்லை, குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நாத்தனார் அந்தப் பாதி அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

மருந்துச்சீட்டு | புதன், காலை 11.25

குப்பையில் போடுவதைவிட, பழைய மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் இருந்தால் கொடுப்பது நல்லது. சரி, இன்று இதற்குமேல் நான் குறை சொல்லவில்லை.

தாத்தாவின்_கண்ணாடி | புதன், மாலை 4.45

மகளின் டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். அன்று கோபத்தில் மடித்து வைத்ததோடு சரி, பார்க்கவே இல்லை. செஃபசோலின் 2 கிராம், மணி 9.10. வெட்டு, மணி 9.35.

டாக்டர், இது சரியான நேரம்தானே?

கத்தரிக்கோல் | புதன், மாலை 6.02

மிகச் சரி, ஐயா.